தூக்குவாளில என்ன கொழம்பு?

செலின்: வாரேன்னு சொன்னா, வாரேன்னே எழுதிக்கிருமா அது?

ஹேமாவதி: பெறகு? வாரேன்னா வாரேன்தானக்கா.

செலின்: ஏத்தா, நீ சாயங்காலம் பஸ்ஸுக்குக் கெளம்புறப்ப எங்கிட்ட என்ன சொல்லிட்டுப் போற?

ஹேமாவதி: ‘வாரேன் செலினக்கா’ம்பேன்.

செலின்: சொல்லிட்டு?

ஹேமாவதி: ...போயிருவேன்.

செலின்: ஆங். பழம் வெட்ட ஆள் கூட்டியார அக்கம்மாவும் நேத்து போன்ல அதத்தான் சொல்லுச்சு. ‘பேரனுக்குக் காதுகுத்து, குடும்பத்தோட வீரபாண்டிக்குப் போறோம், எங்க ஆளுகளும் அங்கனதான், சரித்தா, வாரேன்’னு சொல்லிட்டு போன வச்சிருக்கு. ஒன்னோட கம்ப்யூட்டர் கடேசி வார்த்தைய மட்டும் கவ்விக்கிட்டு, பழம் வெட்ட அம்புட்டுப் பேரும் வாராகன்னு வண்டிக்குச் சொல்லிருக்கு. மதன்குமார் விடியக்காலம் வண்டியக் கொண்டு போயி அக்கம்மா வீட்டு வாசல்ல ஆரன் அடிக்கிறான், அடிக்கிறான்... அங்கன பூட்டு தொங்குது.

ஹேமாவதி: பூட்டுக்கா ஆரன் அடிச்சான்!

செலின்: சிரி, சிரி. சுருளிப்பட்டித் தோட்டத்துல ஒரு ஆள் இல்ல. வெயில் ஏறிட்டா பன்னீர் திராட்சை கொத்துல நிக்குமா? நல்ல வேள, ஜக்கம்மாவக் கேட்ட ஒடனே ஆளுகளோட வந்துருச்சு. சேலைய மாத்திக் கெளம்பி நின்ன மாதிரி வந்துச்சு.

ஹேமாவதி: அது... அது எப்பவும் வெள்ளன எந்திரிக்கிற ஆளுக்கா. மொதலாளி என்ன சொன்னாக?

செலின்: கருத்தக்கண்ணன் அண்ணன் என்னைக்குத் திட்டிருக்காக? ‘இன்னைக்குச் சாயங்காலம் எல்லாருக்கும் அதுவே போன் போடட்டும், நீங்க ரெண்டு பேரும் தொடாதீக’ன்னாக. காலைல ஒரு வண்டியும் வெறுமன போகாம, தோட்டத்துக்கெல்லாம் ஆள் சரியாப் போயிட்டா...

ஹேமாவதி: போயிட்டா?

செலின்: தெரியாத மாதிரி கேளு. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்ச கையோட நான் மதுர.

ஹேமாவதி: ம்.

செலின்: என்ன ம்? எம் மக பெனிஷா காலேசு அங்கன. அவுக அப்பாவுக்கு வேல அங்கன. வீடும் பாத்தாச்சு. நான் ஒருத்திதான் ராயப்பன்பட்டில பூட்டுக்குக் காவலா கெடக்கேன். வெட்டு நேரத்துல இந்தச் சாயங்காலப் போனுக்கு வேற ஆள் இல்லன்னு அண்ணன் சொன்னதாலதான நிக்கிறேன்? இந்தக் கம்ப்யூட்டர் ஒழுங்கா வேல செஞ்சுருச்சுனா என்னய விட்டுருவாக.

ஹேமாவதி: நான் என்ன வேணாம்னா சொன்னேன்? நானும் அதோடதான மாரடிக்கிறேன். போன சனிக்கெழம குச்சனூருக்குப் போயி எள்ளு வெளக்குக்கூடப் போட்டுட்டு வந்தேன்.

செலின்: கம்ப்யூட்டருக்கா?

ஹேமாவதி: ...எல்லாத்துக்குந்தான்.

செலின்: அதான் எனக்குப் புரியல. மோட்டர் நின்னா கழட்டி மாட்டுற. பிரிண்டர் வாய்க்குள்ள கைய விட்டுப் பேப்பர உருவுற. தராசு பொய் சொல்லுதுன்னு சத்தத்த வச்சே கண்டுபுடிக்கிற. இதுல மட்டும் மாசக்கணக்கா தடுமாறுறயே?

ஹேமாவதி: இது மோட்டர் இல்லக்கா. வா, இங்கன ஒக்காரு, சொல்றேன்.

செலின்: ஆரம்பிச்சுட்டா.

ஹேமாவதி: கேளேன். நீ தெனம் என்ன பண்ற? ஆள் கூட்டியார ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு, நாளைக்கு வெட்டுக்கு வருவீகளா, எத்தன பேருன்னு கேக்குற. கேட்டு மதனுக்கு வண்டி சொல்ற. அதத்தான் இதுவும் பண்ணுது. அவுக பேசுறத மொதல்ல எழுத்தா மாத்திக்கிரும். அது காதுன்னு வச்சுக்க. அந்த எழுத்தப் படிச்சு, இவுக வாராகளா வரலையான்னு பிரிக்கும். அது மூள. பிரிச்சத மதன் போனுக்கு அனுப்புறது கை. காதும் நல்ல காது, மூளையும் நல்ல மூள. நடுவுலதான் கோளாறு.

செலின்: நடுவுல என்ன, கழுத்தா?

ஹேமாவதி: அக்கா... ‘ஆகட்டும்’ங்குறத நம்ம ஊர்ப் பேச்சுல சொல்லு.

செலின்: ஆட்டும்.

ஹேமாவதி: இழுத்துச் சொல்லு.

செலின்: ஆஆ...ட்டும்...

ஹேமாவதி: மொத ஆட்டும்னா?

செலின்: வருவாக.

ஹேமாவதி: ரெண்டாவது ஆட்டும்?

செலின்: எங்க வர! வர மனசு இல்ல, அதச் சொல்லவும் மனசு இல்ல.

ஹேமாவதி: எழுத்துல ரெண்டும் ஒரே ஆட்டும்தான்க்கா! அந்த இழுப்பு இருக்குல்ல, அது வழியிலயே உதுந்துருது. பழுத்த கொத்தப் பொட்டியில தூக்கிப் போட்டா, காம்பு மட்டும் போய்ச் சேருமே, அப்பிடி. மூள என்ன பண்ணும்? கைக்கு வந்த காம்பப் பாத்து, இது திராட்சைதான்னு எழுதிக்கிருது. எம்புட்டு அழகான தப்பு பாரு.

செலின்: தப்புல அழகு பாக்குறவ நீ ஒருத்திதான்.

ஹேமாவதி: பெறகு? நம்ம சனத்துல ஆராச்சும் ‘வரமாட்டேன்’னு வாயத் தொறந்து சொல்லிருக்காகளா? அது படிச்ச எழுத்துல எல்லாம் ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல.

செலின்: நம்ம ஊர்ல அப்பிடிச் சொன்னா மூஞ்சில தண்ணி ஊத்துன மாதிரி இருக்கும். அதான் ஜக்கம்மா அதுக்கு மெட்ராஸ்காரின்னு பேரு வச்சிருச்சு. ‘அந்த மெட்ராஸ்காரி போன் பண்ணி உறுதிப்படுத்தவும், உறுதிப்படுத்தவும்ங்குறா, நான் என்னத்த உறுதிப்படுத்த, கூரையவா?’ன்னு கேக்குது.

ஹேமாவதி: கூரையவா! அய்யோ...

செலின்: சரி, நேரம் ஆகுது. ஆறு மணிக்கு அது போன் போட ஆரம்பிச்சிரும். அதுக்குள்ள பாத்துருவம். மெட்ராஸ்காரிய ஸ்பீக்கர்ல விடு. நான்தான் அக்கம்மா.

ஹேமாவதி: அக்கம்மா மாதிரி பேசிருவியா?

செலின்: வாயில வெத்தல ஒண்ணுதான் இல்ல. போடு.

ஹேமாவதி: வெத்தலைக்குப் பதிலா, மத்தியானம் தின்ன புளிச்சோத்த நெனச்சுக்க. இந்த வாரம் பூராம் எலைல புளிச்சோறாக் கட்டிட்டு வார. என்ன வேண்டுதலோ.

செலின்: தூக்குவாளி மூடி எங்கயோ உருண்டு போச்சு. நீ போடுத்தா.

மெட்ராஸ்காரி: வணக்கம். நாளை திராட்சை அறுவடைக்கு நீங்கள் வருவீர்களா? தயவுசெய்து உறுதிப்படுத்தவும்.

செலின்: ஆரு... ஆரு பேசுறது? மதனா?

மெட்ராஸ்காரி: நான் தானியங்கி உதவியாளர். நாளை...

செலின்: தானியத்துக்கு என்னம்மா, கம்பு இப்பத்தான வெதச்சிருக்கு...

ஹேமாவதி: அக்கா! வேணும்னே பண்ற!

செலின்: அக்கம்மா இப்பிடித்தான் பேசும், நீ சும்மா இரு. ...ஆத்தா, நாளைக்கு எம் பேரனுக்குக் காதுகுத்து. வீட்ல சனம் நெறஞ்சு கெடக்கு. ஆட்டும்... வாரேன்.

மெட்ராஸ்காரி: நன்றி. உங்கள் வருகை பதிவு செய்யப்பட்டது.

செலின்: கெட்டுச்சு போ. நாளைக்கும் பூட்டுக்குத்தான் ஆரன்.

ஹேமாவதி: இரு, இரு. இப்ப மாத்துறேன். இதுல என்ன சுகம்னா, தனி பாஷ எல்லாம் படிக்க வேணாம். புதுசா வேலைக்கு வந்த புள்ளைக்கு எப்பிடிச் சொல்லுவமோ, அப்பிடியே தமிழ்ல எழுதிப் போட்டாப் போதும். ‘எங்க ஊர்ல வருவீகளா, இருக்கீகளான்னு பேசு. பேச்சு முடியுறப்ப சொல்ற வாரேன்ங்குறதக் கணக்குல எடுக்காத, அது போறதுக்குச் சொல்றது. சந்தேகமா இருந்தா இன்னொரு தடவ கேளு.’ எழுதிட்டேன். இப்பப் பேசு.

மெட்ராஸ்காரி: வணக்கம்த்தா. நாளைக்கு சுருளிப்பட்டில பழ வெட்டு. வருவீகளா?

செலின்: அட! ராத்திரி பஸ்ல ஏறி நம்ம ஊருக்கே வந்துட்டாளே!

ஹேமாவதி: அவகிட்ட பேசு, எங்கிட்ட பேசாத.

செலின்: காதுகுத்து இருக்குல்லத்தா... பாப்பம்... வாரேன்.

மெட்ராஸ்காரி: எனக்குச் சரியாப் புரியலத்தா. வண்டி அனுப்பவா, வேணாமா?

செலின்: அனுப்பேன், அதுக்கென்ன.

மெட்ராஸ்காரி: நல்லதுத்தா. விடியக்காலம் வண்டி வரும்.

ஹேமாவதி: ...போச்சு.

செலின்: வீடு தேடி வண்டி அனுப்பவான்னு கேட்டா, வேணாம்னு ஆரு சொல்லுவாக?

ஹேமாவதி: அதத்தான்க்கா நானும் சொல்றேன். நேராக் கேட்டா இவுககிட்ட நேராப் பதில் வராது. இது இப்ப ஆகுற கத இல்ல. இந்த வெட்டு முடியட்டும், அடுத்த வெட்டும் முடியட்டும். நானே மொதலாளிகிட்டப் போயிச் சொல்லிர்றேன்...

செலின்: நீ சொல்ல வேணாம்!

ஹேமாவதி: ஏன் கத்துற?

செலின்: கத்தல. அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன். ...ஹேமா.

ஹேமாவதி: என்ன?

செலின்: நான் போன்ல என்ன கேப்பேன்?

ஹேமாவதி: வருவீகளான்னு கேப்ப.

செலின்: அது சும்மா கதவத் தட்டுறது. அதுக்கப்பறம்?

ஹேமாவதி: ...என்னமோ கேப்ப. வீட்டுக் கத, ஊர்க் கத.

செலின்: எம் மேசைக்கு எதிர் மேசைல இம்புட்டு வருசமா ஒக்காந்திருக்க. ஒங் காதுல விழுகாதா?

ஹேமாவதி: நான் எடைச் சீட்டப் பாத்துக்கிட்டு இருப்பேன். காதுல எங்க விழுகுது.

செலின்: சரி. போன மாசம் ஒம் புருசன் சுரேஷ்கண்ணன் ‘ஞாயித்துக்கெழமையும் மில்லுக்குப் போறேன்’னு போன் பண்ணாரு. நீ ஒரே ஒரு கேள்வி கேட்ட. அவரு முழிச்சாரு. கிரிக்கெட் ஆடத்தான் போறாருன்னு கண்டுபுடிச்ச. என்ன கேட்ட?

ஹேமாவதி: அது... அது வீட்டு வெசயம்க்கா.

செலின்: என்ன கேட்ட?

ஹேமாவதி: ...தூக்குவாளில என்ன கொழம்பு வைக்கன்னு.

செலின்: ஆரு கேள்வி அது?

ஹேமாவதி: ஒங் கேள்வி.

செலின்: நாளைக்குத் தூக்குவாளில என்ன கொழம்பு? இம்புட்டுத்தான். வாரவுக ஒண்ணு சொல்லுவாக. புளிக்கொழம்பும்பாக, கருவாடும்பாக, ஒண்ணும் இல்லன்னா வெறும் ஊறுகாயும்பாக. வராதவுகளுக்குச் சொல்ல ஒண்ணும் இருக்காது.

ஹேமாவதி: ஏன்னா வேலைக்குக் கெளம்புனாத்தான தூக்குவாளியே கீழ எறங்கும்! வருவீகளான்னா அது மரியாதக் கேள்வி, மரியாதைக்குப் பதில் சொல்லிருவாக. கொழம்பு மரியாதக் கேள்வி இல்ல. அதுல ஒளிஞ்சுக்க எடமே இல்ல. அதுவும் மெட்ராஸ்காரிக்குத் தோதான கேள்விக்கா... எப்பிடி இழுத்துச் சொன்னாலும் கருவாடு கருவாடுதான். எழுத்தா மாத்துனாலும் கொழம்பு உதுராது! கொழம்பு பேரு வந்தா வண்டி, வரலைன்னா வண்டி இல்ல...

செலின்: கண்ணு எப்பிடி மின்னுது பாரு. இம்புட்டும் யோசிச்சு வச்சிருக்கவ, அதுக்குச் சொல்லிக் குடுக்கலையாக்கும்?

ஹேமாவதி: ...இப்பத்தான் தோணுச்சு.

செலின்: எழுது.

ஹேமாவதி: நாளைக்கு எழுதவா? கை வலிக்குது.

செலின்: ஹேமா. எழுதுத்தா.

ஹேமாவதி: ...எழுதியாச்சு.

மெட்ராஸ்காரி: வணக்கம்த்தா. நாளைக்கு சுருளிப்பட்டில பழ வெட்டு. வருவீகளா?

செலின்: ஆட்டும்த்தா, வாரேன், அதுக்கென்ன.

மெட்ராஸ்காரி: நல்லதுத்தா. நாளைக்குத் தூக்குவாளில என்ன கொழம்பு?

செலின்: தூக்கா? அட போத்தா, காதுகுத்து வீட்ல எலைல கறிச்சோறு போடுறாக, தூக்கு எதுக்கு?

மெட்ராஸ்காரி: சரிங்கத்தா. நாளைக்கு வண்டி அனுப்பல. பேரனுக்கு நல்லபடியாக் காது குத்துங்க.

செலின்: மாதாவே... இன்னொரு தடவ போடு. இப்ப நான் ஜக்கம்மா.

மெட்ராஸ்காரி: வணக்கம்த்தா. நாளைக்கு சுருளிப்பட்டில பழ வெட்டு. வருவீகளா?

செலின்: முட்டி வலி, முதுகு வலி, என்னத்த வர... பாப்பம்...

மெட்ராஸ்காரி: ஒடம்பப் பாத்துக்கங்கத்தா. நாளைக்குத் தூக்குவாளில என்ன கொழம்பு?

செலின்: மொச்சக் கொட்டையும் கருவாடும் போட்டு வச்சிருக்கேன். ஏன், ஒனக்கும் வேணுமா?

மெட்ராஸ்காரி: எனக்கு வயிறு இல்லத்தா. விடியக்காலம் வண்டி வரும்.

செலின்: வயிறு இல்லையாம்! கேட்டியா ஹேமா? சரியாயிருச்சு. இனி ஒங்கிட்ட ஆரும் வந்து ஆள் இல்லன்னு நிக்க மாட்டாக. ...ஹேமா? என்ன, அங்கிட்டுத் திரும்பிக்கிட்ட?

ஹேமாவதி: ஒண்ணும் இல்ல. தோட்டத்துல மருந்து அடிக்கிறாக. கண்ணு எரியுது.

செலின்: ஆபீஸுக்குள்ளயா அடிக்கிறாக? இந்தக் கொழம்புக் கேள்வி மொதல்லயே தெரியும் ஒனக்கு.

ஹேமாவதி: தெரியும்.

செலின்: எழுதாம விட்டுட்ட.

ஹேமாவதி: எழுதுனேன். மெட்ராஸ்காரி வந்த மொத வாரமே எழுதிப் பாத்தேன். பழுதில்லாம வேல செஞ்சுச்சு. ஒடனே அழிச்சுட்டேன்.

செலின்: அடிப் பாவி... இன்னைக்குப் பழம் போயிருந்தா?

ஹேமாவதி: போக விடுவனா? அக்கம்மா வராதுன்னு எனக்குத் தெரியும். ஜக்கம்மாகிட்ட நேத்தே சொல்லி வச்சிருந்தேன், காலைல கெளம்பி நில்லுங்க, கூப்பிடுவாகன்னு.

செலின்: அதான் கெளம்பி நின்ன மாதிரி... குச்சனூர் வெளக்கும் இதுக்குத்தானா?

ஹேமாவதி: சனீஸ்வரன்தான எதையும் மெதுவா நடத்துறவரு. அதான் அவருகிட்டப் போனேன்.

செலின்: நான் பஸ் புடிச்சுப் போறத நிறுத்த, நீ பஸ் புடிச்சுச் சாமிகிட்டப் போயிருக்க. ஏன்த்தா இப்பிடி?

ஹேமாவதி: ஏன்னா கேக்குற? ஒரு மிஷின் எப்பிடி ஓடுதுன்னு நான் வாயத் தொறந்தா எல்லாருக்கும் வேல வந்துரும். எந்திரிச்சுப் போயிருவாக. சுரேஷ் தூங்கிருவாரு. நீ ஒருத்திதான்க்கா ‘ஆரம்பிச்சுட்டா’ன்னு சொல்லிக்கிட்டே கடேசி வரைக்கும் ஒக்காந்து கேப்ப. நடுவுல கழுத்தான்னும் கேப்ப.

செலின்: ...மதுரைக்குப் போன் போகாதா?

ஹேமாவதி: போன்ல நீ ம் கொட்டுவ. மொகம் தெரியுமா?

செலின்: அழாத. மெட்ராஸ்காரி இப்பப் போன் போட ஆரம்பிச்சிருவா. அவ காதுல விழுந்து, ஒன்ன வெட்டுக்கு வராத கணக்குல எழுதிறப் போறா.

ஹேமாவதி: அழுக எல்லாம் எழுத்துல போகாது. வழியிலயே உதுந்துரும்.

செலின்: அப்ப நல்லதாப் போச்சு. மூக்கத் தொட. ...எனக்கும் அந்த முந்தானையக் குடு. சரி, பஸ் வந்துரும். வாரேன்த்தா.

ஹேமாவதி: இரு. இது எந்த வாரேன்?

செலின்: என்ன கேள்வி இது? நாளைக்குக் காலைல வருவேன்ல. எல்லாம் சரியா நடக்குதான்னு பாக்க வேணாமா?

ஹேமாவதி: நாளைக்குச் சரியா நடக்கலைன்னா? மெட்ராஸ்காரி எங்கயாச்சும் ஒரு எடத்துல தடுமாறிட்டான்னு வச்சுக்க. மொதலாளி விட மாட்டாகல்ல? அப்பத் திங்கக்கெழம வருவயா?

செலின்: ...பாப்பம்.

ஹேமாவதி: பாப்பமா?

செலின்: ஆட்டும்த்தா... நேரமாச்சு, வாரேன்...

ஹேமாவதி: அக்கா. திங்கக்கெழம தூக்குவாளில என்ன கொழம்பு?

செலின்: ...தூக்குவாளி போன ஞாயித்துக்கெழமையே வீட்டுச் சாமானோட மதுரைக்குப் போயிருச்சுத்தா. அண்ணனும் அன்னைக்கே என்னயப் போகச் சொல்லிட்டாக. நீ சாயங்காலத்துல ஒத்தையா அல்லாடக் கூடாதேன்னு, நான்தான் கொழம்பில்லாம ஒரு வாரம் நின்னேன்.